கார் ஷெட்டில் பட்டறை: குளிருக்கு நிரந்தர ஏற்பாடு எது?



அக்டோபர் பிறந்துவிட்டால் நமது அறக்கட்டளைக்கு வரும் கர்ளன் ஹஸனா விண்ணப்பங்களில் ஒரு வகை தவறாமல் இருக்கும்: "பட்டறைக்கு ஹீட்டர் வாங்க." ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் கடை வாடகை கட்டுப்படியாகாமல், வீட்டை ஒட்டிய கார் ஷெட்டையே தொழில் செய்யும் இடமாக மாற்றிக்கொண்ட குடும்பங்கள் நம்மில் பல. ஒரு வீட்டில் அது தையல் கூடம். இன்னொரு வீட்டில் மோட்டார் காயில் கட்டும் இடம். வேறொன்றில் தச்சுப் பட்டறை, அல்லது டூவீலர் பழுது பார்க்கும் இடம். கார் நிற்பதற்கென்று கட்டியது என்பதால் மேலே தகர ஷீட், முன்னால் இரும்பு ஷட்டர், கீழே வெறும் சிமெண்ட் தரை. காருக்குக் குளிர் தெரியாது. அங்கே எட்டு மணி நேரம் உட்காருபவருக்குத் தெரியும்.

விண்ணப்பத்தில் கேட்பது பெரும்பாலும் கடைக்காரர் சொன்ன ஒரு ஹீட்டரின் விலை. நேரில் போய்ப் பார்த்தால், அந்த இடத்துக்கு அந்த ஹீட்டர் போதாது என்று தெரியும். அல்லது அங்குள்ள வயரிங் அதைத் தாங்காது. அல்லது வேறொரு வேலையை முதலில் செய்தால் ஹீட்டரே பாதி நேரம் தேவைப்படாது. வட்டியில்லாக் கடன் என்றாலும் அது திருப்பிக் கட்ட வேண்டிய அமானிதப் பணம். அதை வாங்கி ஒரு பொருளை வைத்துவிட்டு, அதன் கரண்ட் பில்லுக்காக மறுபடி கடன் கேட்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. அதனால்தான் இந்த இதழில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கரி அடுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் வாங்கும் வரைக்கும் என்று சொல்லிக்கொண்டு பல பட்டறைகளில் குமுட்டி அடுப்பையோ, பழைய இரும்புச் சட்டியில் கரிக்கங்கையோ வைத்துக்கொள்கிறார்கள். புகை வரவில்லை, ஆகவே பயமில்லை என்பது அவர்கள் எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறு. புகை அடங்கிச் செக்கச்செவேலென்று கனலும் கரியிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு தாராளமாக வெளிவருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண் எரியாது, இருமலும் வராது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். மூச்சு வழக்கம்போல் நடந்துகொண்டிருக்கும். உடம்புக்குள் மட்டும் ஆக்சிஜன் போய்ச் சேராது.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கைகால் அசதி என்றுதான் ஆரம்பிக்கும். குளிரில் தலை பாரமாக இருக்கிறது என்று நினைத்து, ஒரு டீயைக் குடித்துவிட்டு, அடுப்பை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்வார்கள். அடுத்து வருவது தூக்கம். மலை ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்தியை நாளிதழில் அவ்வப்போது நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளின் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் இந்த வாயு இன்னும் சீக்கிரம் கேடு செய்யும். அம்மா தைக்கும் இடத்தில்தான் பள்ளிவிட்டு வந்த பிள்ளை உட்கார்ந்து எழுதுகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்குள்ள காற்று சமவெளியில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு மெலிந்தது. ஏற்கனவே குறைவாக உள்ள ஆக்சிஜனோடுதான் அடுப்பும் போட்டி போடுகிறது, நாமும் போட்டி போடுகிறோம்.

ஷட்டரை ஒரு அடி தூக்கி வைத்தால் போதாதா என்று கேட்கிறார்கள். போதாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்து அந்த இடைவெளி வேலை செய்யலாம், செய்யாமலும் போகலாம். உயிரை அதை நம்பி விட முடியாது.

யாராவது இப்படி மயங்கிக் கிடந்தால் ஷட்டரை முழுதும் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். நீங்கள் உள்ளே நின்று அடுப்பை அணைத்துக்கொண்டிருக்க வேண்டாம். 108க்கு அழையுங்கள். மருத்துவரிடம் "கரி அடுப்பு வைத்திருந்தோம்" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இருக்கிறது. அதை வைத்துப் பார்த்து, 98 காட்டுகிறது, ஒன்றுமில்லை என்று இருந்துவிடாதீர்கள். இந்த வாயு ஒட்டிய இரத்தத்துக்கும் ஆக்சிஜன் ஒட்டிய இரத்தத்துக்கும் அந்தக் கருவிக்கு வித்தியாசம் தெரியாது.

தையல் செய்யும் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு கவலையும் இருக்கிறது. ரமளான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்து, இப்போது நம் மலையின் குளிர்மாதங்களுக்குள் வந்துகொண்டிருக்கிறது. 2027இல் பிப்ரவரியின் முதல் பாதியில் தொடங்கும். 2028இல் ஜனவரி இறுதிக்கு வந்துவிடும். 2030இல் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமளானும், டிசம்பர் கடைசியில் இன்னொன்றும். (பிறையைப் பொறுத்து ஓரிரு நாள் மாறும்.) பெருநாள் துணி தைக்கும் நெருக்கடி என்றால் தராவீஹ் முடிந்து உட்கார்ந்து ஸஹர் வரை மிஷின் ஓடும். உறைபனி இரவு, இறக்கிய ஷட்டர், உள்ளே கரிச்சட்டி, நடுவில் அரைமணி நேரம் கண்ணயர்வது என்று எல்லாம் ஒரே இடத்தில் கூடிவிடும். மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு ஆட்களோடு தீப்பற்றிய செய்தி வந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகை என்பதை உணர்த்தி, தூங்கும் முன் அதை அணைத்துவிடும்படி நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதை அபூமூஸா (ரலி) அறிவிக்கிறார்கள். இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி. பள்ளியில் எத்தனையோ முறை கேட்டதுதான். பட்டறைக்கும் அது பொருந்தும் என்று மட்டும் நாம் எடுத்துக்கொள்வதில்லை.

இனி, நிரந்தர ஏற்பாட்டுக்கு வருவோம். ஹீட்டரைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நம்முடைய குளிர் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு விதக் குளிர் இருக்கிறது. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை 5, 6 டிகிரிக்கு இறங்கும். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ஆனால் பத்து மணிக்குள் வெயில் வந்துவிட்டால் பட்டறையைத் திறந்து வைத்தே வேலை பார்க்கலாம். ஆகவே தேவைப்படுவது காலையில் இரண்டு மூன்று மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நிலைமை வேறு. குளிர் அவ்வளவு கடுமையாக இருக்காது. ஆனால் நாள் முழுதும் இருக்கும். ஈரமும் காற்றும் சேர்ந்து எலும்பில் இறங்கும். துணி காயாது, கருவிகள் துருப்பிடிக்கும். முதல் வகைக் குளிருக்குப் போட்டவுடன் சூடு தருவது வேண்டும்; இரண்டாவதற்கு நீண்ட நேரம் குறைந்த செலவில் ஓடுவது வேண்டும். உங்களுக்கு எது பெரிய தொல்லை என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, சூடு எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12 அடிக்கு 18 அடி, 9 அடி உயரம் உள்ள ஒரு ஷெட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு நீளப் பக்கம் வீட்டுச் சுவரோடு ஒட்டியிருக்கிறது. மற்றவை ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். மேலே தகரம். வெளியே 8 டிகிரி, உள்ளே 18 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 18 டிகிரியைத் தக்கவைக்க ஏறத்தாழ 2,800 வாட் சூடு இடைவிடாமல் தேவைப்படும். அதில் கூரைத் தகரம் வழியே மட்டும் சுமார் 1,300 வாட் வெளியேறுகிறது. சுவர்கள் 650, இடுக்குகள் வழியே நுழையும் காற்றால் 500, ஷட்டர் 300, மீதி சில்லறை. அதாவது நாம் காசு கொடுத்து உண்டாக்கும் சூட்டில் கிட்டத்தட்டப் பாதி தகரத்தின் வழியே வானத்துக்குப் போகிறது.

தகரத்துக்குக் கீழே இரண்டு அங்குல ராக் வுல் அல்லது கண்ணாடிக் கம்பளியைப் பரப்பி, அதற்கடியில் ஜிப்சம் போர்டோ சிமெண்ட் ஃபைபர் போர்டோ அடித்து ஒரு சீலிங் போட்டால், அந்த 1,300 வாட் 150 வாட்டுக்கு இறங்கிவிடும். ஷட்டருக்குப் பின்னால் தரைவரை தொங்கும் கனமான திரை, அடியில் ரப்பர் பட்டை, ஓட்டின் ஓரங்களில் உள்ள பெரிய ஓட்டைகளை அடைப்பது ஆகியவற்றையும் சேர்த்துச் செய்தால் மொத்தத் தேவை 1,300 வாட் அளவுக்கு வந்துவிடும். 2,800 வாட் என்றால் இரண்டு ஹீட்டர். 1,300 வாட் என்றால் ஒன்றே போதும். என்னைக் கேட்டால் பட்டறைக்கான "நிரந்தர வெப்ப ஏற்பாடு" என்பது இந்தச் சீலிங்தான். ஹீட்டர் நான்கைந்து வருடத்தில் மாறும். சீலிங் இருக்கும், கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்யும். மழையில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் வராத ஊரில் இது சின்ன விஷயமல்ல.

சீலிங் போடுவதில் இரண்டு எச்சரிக்கைகள். செலவு குறைவு என்று வெறும் தெர்மாகோலை ஒட்டிவிடாதீர்கள். அது சட்டென்று தீப்பிடித்து உருகிச் சொட்டும். வெல்டிங் பொறி பறக்கும் இடத்தில் தெர்மாகோலே வேண்டாம். அடுத்தது, மேலே இருப்பது தகரமல்ல, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் அதைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு. சீலிங் சட்டத்தைச் சுவரில் தாங்கவிட்டு, ஷீட்டைத் தொடாமல் கீழே தனியாகப் போடச் சொல்லுங்கள்.

கால் சில்லிடுவதற்குத் தரையில் ஒரு மரப்பலகையோ ரப்பர் விரிப்போ போடுவதே பெரிய வைத்தியம். தையல் மிஷினுக்கடியில் இதை மட்டும் செய்துவிட்டு, ஹீட்டர் விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றுக்கொண்ட சகோதரியும் நம் ஜமாஅத்தில் உண்டு.

இப்போது ஹீட்டர். கடையில் குவார்ட்ஸ் கம்பி ஹீட்டர், ஃபேன் ஹீட்டர், எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் என்று வரிசையாக வைத்திருப்பார்கள். விலை அதிகமானது கரண்டை மிச்சப்படுத்தும் என்றும் சொல்வார்கள். இது சரியல்ல. இந்த வகைகள் எல்லாவற்றிலும் 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அதிலிருந்து கிடைக்கும் சூடும் ஒரே அளவுதான். வித்தியாசம், அந்தச் சூடு எங்கே போய்ச் சேருகிறது, எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதில்தான். குவார்ட்ஸ் கம்பியும் இன்ஃப்ராரெட் பேனலும் வெயில்போல நேரே ஆளின் மேல் படும். அறைக் காற்று சூடாகும் வரை காத்திருக்க வேண்டாம். ஃபேன் ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். ஷட்டரைத் திறந்தால் அந்தக் காற்று போய்விடும். எண்ணெய் ரேடியேட்டர் சூடாக அரைமணி ஆகும், அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சூடு தரும்; அதன் கம்பி வெளியே தெரியாது.

ஆகவே வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஒரே இடத்தில் உட்கார்ந்து தைப்பவருக்கு, முழு ஷெட்டையும் சூடாக்குவதைவிட, தலைக்கு மேலோ பக்கச் சுவரிலோ நிரந்தரமாகப் பொருத்திய 600 முதல் 800 வாட் இன்ஃப்ராரெட் பேனல் போதும். வாடிக்கையாளர் வந்து போக ஷட்டர் திறந்து திறந்து மூடும் இடத்துக்கும் இதுவே பொருத்தம். துணிக் கழிவு குவியும் இடத்தில் சிவக்கும் கம்பி உள்ள ஹீட்டரைத் தரையில் வைக்கக் கூடாது. ஒரு துண்டுத் துணி மேலே விழுந்தால் போதும். தச்சுப் பட்டறையில் மரத்தூளை உறிஞ்சிச் சூடான கம்பியின் மேல் ஊதும் ஃபேன் ஹீட்டர் ஆகாது.

டூவீலர் பழுது பார்க்கும் சகோதரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும், சர்வீஸ் குழி இருந்தால் அதில் போய்த் தேங்கும். தரையில் வைத்த, சிவக்கும் கம்பியோ சுடரோ உள்ள எந்த ஹீட்டரும் அதைப் பற்றவைத்துவிடும். அங்கே ஹீட்டரைச் சுவரில் உயரத்தில் பொருத்துங்கள். கம்பி வெளியே தெரியாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். கார்புரேட்டர் கழற்றும்போதும் டேங்க் காலி செய்யும்போதும் அணைத்துவிடுங்கள். தின்னர் அடித்துப் பெயிண்ட் பூசும் வேலைக்கும் இதே விதி. பேட்டரி சார்ஜ் போடுபவர்களுக்கு நேர்மாறான சிக்கல்: சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் இலேசானது, மேலே போய்ச் சேரும். சீலிங் போடும்போது அதற்குச் சுவரின் மேல்பகுதியில் ஒரு வழி விட வேண்டும்.

வயரிங்கைப் பற்றிச் சொல்லாமல் எந்த ஹீட்டரையும் பரிந்துரைக்க முடியாது. கார் ஷெட்டுக்கு வீட்டிலிருந்து ஒரு பல்புக்காக இழுத்த வயர்தான் பெரும்பாலும் இருக்கும். 2,000 வாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அது 6 ஆம்பியர் சின்னப் பிளக்குக்கு உரியதல்ல, 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், தூரம் அதிகமென்றால் 4 ஸ்கொயர் எம்எம், அதற்கென்று ஒரு எம்சிபி, ஈரத்தரை என்பதால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். இதை லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கொண்டு செய்யுங்கள். ஜங்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸையும் ஹீட்டரையும் ஒன்றாகச் சொருகுவது நம் பட்டறைகளில் சாதாரணமாகக் காணும் காட்சி. பிளக் பழுத்துக் கருகிய பிறகுதான் மாற்றுகிறார்கள்.

மின்வாரிய பில்லில் உங்கள் இணைப்புக்கு அனுமதித்த சுமை எத்தனை கிலோவாட் என்று போட்டிருக்கும். அதையும் பாருங்கள். வீட்டு இணைப்பிலேயே பட்டறையை ஓட்டுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எந்தப் பயனுக்கு இணைப்பு வாங்கினோமோ அதற்கு மாறாகப் பயன்படுத்துவது மின்சாரச் சட்டப்படி குற்றம். ஹீட்டர் போட்டு யூனிட் எகிறும்போது தானாகவே கண்ணில் படும். இலவச யூனிட் என்பது வீட்டுக்கு உரியது. அதைப் பட்டறைக்கு இழுப்பது சரியா என்பதை ஆலிம்களிடம் கேட்க வேண்டிய அவசியம்கூட இல்லை. பிரிவு அலுவலகத்தில் விசாரித்து உங்கள் தொழிலுக்குரிய இணைப்பை வாங்கிவிடுங்கள்.

பருவமழைக் காலத்தில் நாள் முழுதும் சூடு வேண்டும் என்பவர்களுக்கு, சீலிங்கும் போட்டுவிட்ட பிறகு, "ஹாட் அண்ட் கோல்டு" இன்வெர்ட்டர் ஏசி நல்லது. ஏசியா என்று சிரிக்காதீர்கள். அது சூட்டை உற்பத்தி செய்வதில்லை; வெளிக்காற்றில் உள்ள சூட்டை உள்ளே இறைத்துக் கொண்டுவருகிறது. வெளியே 10, 15 டிகிரி இருக்கும்போது ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் அளவுக்குச் சூடு கிடைக்கும். உறைபனிக் காலையில் அது குறையும். வெளியே உள்ள பெட்டியில் படியும் பனியை உருக்க நடுவே சில நிமிடம் நிற்கும். சமவெளிக் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் குளிர்விப்பது மட்டும்தான். எனவே வாங்குமுன் சூடும் தருமா, வெளியே எத்தனை டிகிரி வரை வேலை செய்யும் என்று எழுத்தில் கேளுங்கள். மரத்தூள் பறக்கும் இடத்துக்கு இது ஒத்துவராது.

செலவை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு யூனிட்டைக் கணக்குக்காக 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தினம் 5 மணி நேரம், மாதம் 25 நாள். சீலிங் இல்லாத ஷெட்டில் 2,800 வாட் என்றால் 350 யூனிட், 2,800 ரூபாய். சீலிங் போட்ட பிறகு 1,300 வாட், சுமார் 160 யூனிட், 1,300 ரூபாய். அதே சீலிங்கோடு ஏசி என்றால் 55 யூனிட்டுக்குள், 450 ரூபாய்க்கும் குறைவு. ஆனால் ஏசியின் விலையும் பொருத்தும் செலவும் முன்னால் நிற்கின்றன. வருடத்தில் ஆறேழு மாதம் நாள் முழுதும் ஓட்டுபவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். காலையில் இரண்டு மணி நேரம் மட்டும் வேலை பார்ப்பவர் அதை நினைக்க வேண்டியதில்லை.

கேஸ் ஹீட்டரைப் பலர் கேட்கிறார்கள். புகைபோக்கி இல்லாமல் அறைக்குள்ளேயே எரியும் கேஸ் ஹீட்டரை மூடிய ஷெட்டுக்கு நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். காற்று போதாதபோது கரியைப் போலவே அதுவும் கார்பன் மோனாக்சைடைத் தரும். தவிர, ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக அறையில் சேரும். அது குளிர்ந்த தகரத்தில் பட்டுச் சொட்டும். துணி ஈரமாகும், கருவி துருப்பிடிக்கும். வீட்டுச் சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்துவது சட்டவிரோதம். 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். அதன் விலையை 240ஆல் வகுத்துப் பாருங்கள். கேஸில் ஒரு யூனிட் சூட்டின் விலை அது. கரண்டைவிடப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகாது என்பது தெரிந்துவிடும். கேஸும் காற்றைவிடக் கனமானது என்பதால் கசிந்தால் குழியில் தேங்கும்.

தச்சர்களுக்கு மட்டும் விறகு அடுப்பு ஒரு நல்ல வழி. காஷ்மீரில் 'புகாரி' என்று சொல்லும், எல்லாப் பக்கமும் மூடிய இரும்பு அடுப்பு, புகைக்குழாயோடு. (பெயரைக் கேட்டதும் நமக்கு ஹதீஸ் நூல்தான் நினைவுக்கு வரும். அரபியில் புகார் என்றால் ஆவி.) நம் பட்டறையின் கழிவுக் கட்டைகளே எரிபொருள். குழாய் கூரைக்கு மேலே இரண்டு மூன்று அடி உயர்ந்து நிற்க வேண்டும். சீலிங்கைத் துளைத்துப் போகும் இடத்தில் குழாய்க்கும் போர்டுக்கும் நடுவே தீப்பிடிக்காத உறை வேண்டும். அடுப்புக்கென்று வெளியிலிருந்து காற்று வர ஒரு துவாரம் வேண்டும். குளிர் வருகிறது என்று அதை அடைக்கக் கூடாது. குளிர்காலத்துக்கு முன் வருடம் ஒருமுறை குழாயில் படிந்த கரியைச் சுரண்ட வேண்டும். ப்ளைவுட், எம்டிஎஃப், பெயிண்ட் அடித்த கட்டை ஆகியவற்றை எரிக்கவே கூடாது. அவற்றின் பசையும் வண்ணமும் நச்சுப் புகையைத் தரும். மரத்தூளை அடுப்பிலிருந்து தள்ளி, தினமும் கூட்டி அகற்ற வேண்டும். அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் புகை போகாதபடி குழாயை அமைப்பது அண்டை வீட்டாரின் ஹக்கு. விறகுக்காக மரம் வெட்டலாம் என்று எண்ண வேண்டாம்; நம் மலையில் அதற்கு 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை.

எந்த வகைச் சுடர் இருந்தாலும் பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டிவையுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. பெட்டியில் உள்ள பெயரைப் படித்து வாங்குங்கள்.

வாடகை ஷெட்டில் இருப்பவர்கள், உரிமையாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் சீலிங்கிலோ வயரிங்கிலோ கடன் பணத்தைப் போட வேண்டாம். திரை, தரைப்பலகை, கழற்றி எடுத்துப் போகக்கூடிய இன்ஃப்ராரெட் பேனல் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இந்தப் பருவத்திலிருந்து பட்டறை வெப்ப ஏற்பாட்டுக்கான கர்ளன் ஹஸனாவில் முதல் தவணை சீலிங்குக்கும் வயரிங்குக்கும் மட்டுமே தரப்படும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. அவை முடிந்ததைப் பார்த்த பிறகே ஹீட்டருக்கான தொகை தரப்படும். கரி அடுப்பு, புகைபோக்கியில்லாத கேஸ் ஹீட்டர் ஆகியவற்றுக்குக் கடன் இல்லை. கடையில் தவணை முறையில் வட்டியோடு வாங்கிவிட்டு அதை அடைக்க வருவதைவிட, வாங்கும் முன்னரே எங்களிடம் வாருங்கள்.

விண்ணப்பத்தோடு ஷெட்டின் நீள அகல உயர அளவு, கூரை தகரமா ஆஸ்பெஸ்டாஸா என்ற விவரம், கடைசி மின் பில்லின் நகல், வாடகை இடமென்றால் உரிமையாளரின் கடிதம், என்ன வேலை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, உள்ளே பிள்ளைகள் இருப்பார்களா என்ற குறிப்பு ஆகியவற்றை இணையுங்கள். படிவம் ஜுமுஆவுக்குப் பிறகு அலுவலகத்தில் கிடைக்கும். அளவெடுக்கத் தெரியாத சகோதரிகள் சொல்லி அனுப்பினால், வீட்டில் ஆண் துணை இருக்கும் நேரமாகப் பார்த்து நாங்களே வந்து அளந்து தருகிறோம், இன்ஷா அல்லாஹ்.